ஊர்த் துளசியும் ஈஜிபுரா துளசியும்

ஒரே செடி, வாசனை மட்டும் வேறு. காரணம் மண்ணா, விதையா?

ஈஜிபுராவின் குறுகிய சந்துகளில் ஆள் நடக்க இடம் இருக்கிறதோ இல்லையோ, துளசிக்கு ஓர் இடம் உண்டு. மாடம் கட்ட வசதியில்லாத ஒண்டுக் குடித்தனங்களில் பெயிண்ட் டப்பாவிலும், வாய் உடைந்த பிளாஸ்டிக் குடத்திலும் அது வளர்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, வேலூர், சேலம் பக்கங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள், ஊருக்குப் போய்த் திரும்பும்போது அரிசி, புளி, மிளகாயோடு ஒரு பிடி துளசி விதையும் முடிந்துகொண்டு வருவது வழக்கம்.

முளைத்து வளர்ந்த பிறகுதான் குறை தொடங்குகிறது. "எங்க ஊர்ல இலையைக் கிள்ளினாலே கிராம்பு மாதிரி சுருக்குன்னு மணக்கும். இங்க வெறும் பச்சிலை வாசனைதான் வருது. எல்லாம் இந்தத் தண்ணியோட கோளாறு" என்ற பேச்சைக் குழாயடியில் கேட்கலாம். அடுத்த வீட்டு அம்மாளின் துளசியோ அதே தண்ணீரில், அதே வெயிலில் கிராம்பு வாசனை வீசும். அப்படியானால் தண்ணீரின் மேல் போட்ட பழி நியாயமா?

பாதி நியாயம், பாதி அநியாயம் என்கிறது விஞ்ஞானம். மண்ணும் தண்ணீரும் வாசனையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். ஆனால் அது எந்த வாசனை என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது செடியின் பிறப்பு. ஒரே இனத்துச் செடிகளுக்குள் இப்படி வேறுபாடு இருப்பது வீட்டுத் துளசிக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல. மாந்தோப்பு வைத்திருப்பவர், வாசனைப் பயிர் போடுபவர், மருந்துக் கடையில் தைலம் வாங்குபவர் ஆகிய எல்லோருடைய பையையும் அது தொடுகிறது.

வாசனை எங்கே இருக்கிறது?

துளசி இலையைப் பூதக்கண்ணாடியால் பார்த்தால், மேல்தோலில் மிகச் சிறிய பைகள் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். வாசனை எண்ணெய் இவற்றில்தான் சேமித்து வைக்கப்படுகிறது. இலையைக் கிள்ளும்போது பை உடைகிறது. எண்ணெய் ஆவியாகி மூக்கை எட்டுகிறது. பசுந்தழையை நீராவியில் வாலை வடித்தால் இதே எண்ணெய் தனியே மிதக்கும். நூறு கிலோ பசுந்தழையில் ஒரு கிலோ எண்ணெய்கூடக் கிடைப்பதில்லை.

இந்த எண்ணெய் ஒரே பொருள் அன்று; பல ரசாயனப் பொருள்களின் கலவை. துளசியில் பெரும்பாலும் பேசப்படுவது யூஜினால். கிராம்பின் காரமான வாசனைக்கும் இதுவே காரணம். பல் டாக்டரின் அறைக்குள் நுழைந்ததும் வரும் வாசனையும் இதுதான். பல் அடைக்கும் ஒருவகைச் சாந்தில் துத்தநாக ஆக்ஸைடுடன் யூஜினால் சேர்க்கப்படுகிறது.

ஆனால் எல்லாத் துளசியிலும் யூஜினால் முதலிடத்தில் இருப்பதில்லை. சில செடிகளில் மெத்தில் யூஜினால் மிகுந்திருக்கும். இதன் வாசனை சற்று மென்மையானது. வேறு சிலவற்றில் மிளகிலும் காணப்படும் கேரியோஃபிலீன் என்ற பொருள் கணிசமாக இருக்கும். மூன்றும் தாவர நூலின்படி ஒரே இனம். இலை வடிவம் ஒன்று, பூ ஒன்று, பூஜையும் ஒன்றே. கருந்துளசி, வெண்துளசி என்ற நிறத்தை வைத்தும் எண்ணெயை முடிவுகட்ட முடியாது.

சப்ஜா விதை தரும் திருநீற்றுப்பச்சிலையில் இந்த வேறுபாடு இன்னும் அதிகம். ஒரு செடி சோம்பு போல மணக்கும். மற்றொன்றில் பூ வாசனை தூக்கலாக இருக்கும். இன்னொன்று இனிப்புக் கலந்த மசாலா வாசனை தரும். முதலாவதில் மெத்தில் சாவிகால், இரண்டாவதில் லினலூல், மூன்றாவதில் மெத்தில் சின்னமேட் என்ற பொருள்கள் மேலோங்கி நிற்கின்றன.

ஜோலார்பேட்டையில் பிரியும் பாதை

இது எப்படி நேர்கிறது என்பதைப் பெங்களூர்த் தமிழருக்கு விளக்க ரயில் பாதையே போதும். கண்டோன்மெண்டில் ஏறியவர்கள் பங்காருப்பேட்டை, குப்பம் தாண்டி ஜோலார்பேட்டை வரை ஒரே தண்டவாளத்தில் போகிறார்கள். அங்கே பாயிண்ட் ஒரு பக்கம் திரும்பினால் சேலம். மறுபக்கம் திரும்பினால் காட்பாடி.

செடிக்குள்ளும் இதுதான் நடக்கிறது. சூரிய வெளிச்சத்தில் செடி தயாரிக்கும் சர்க்கரையே எல்லா வாசனைப் பொருளுக்கும் மூலச் சரக்கு. அதைப் படிப்படியாக மாற்றுபவை நொதிகள். ஒவ்வொரு நொதியும் பாயிண்ட் போடும் தொழிலாளியைப் போன்றது. ஒரு பாதையில் போனால் யூஜினால் கிடைக்கும். வேறு பாதையில் போனால் கேரியோஃபிலீன். யூஜினால் என்ற நிலையத்தோடு வண்டி நின்றுவிடும் செடியும் உண்டு. இன்னும் ஒரு நொதி வேலை செய்தால், காட்பாடியில் நிற்க வேண்டிய வண்டி அரக்கோணம் வரை போவதுபோல, யூஜினால் மெத்தில் யூஜினாலாக மாறிவிடும். யூஜினாலையும் சாவிகாலையும் இவ்வாறு மாற்றும் நொதிகள் 2002-ம் ஆண்டில் திருநீற்றுப்பச்சிலையில் அடையாளம் காட்டப்பட்டன.

எந்த நொதி இருக்க வேண்டும், எது எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதெல்லாம் தாய் தந்தைச் செடிகளிடமிருந்து வரும் மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. ஒரே இனத்துக்குள் எண்ணெயின் தன்மையால் மட்டும் பிரியும் இப்படிப்பட்ட பிரிவுகளை விஞ்ஞானிகள் 'வேதி வகை' என்கிறார்கள்.

மனிதரின் ரத்தப் பிரிவோடு இதை ஒப்பிடலாம். முகத்தைப் பார்த்து ரத்தப் பிரிவைச் சொல்ல முடியாது. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு வேறொன்று இருக்கும். ஊரைவிட்டு வந்தவனுக்கு உடம்பு இளைக்கலாம், பருக்கலாம்; ரத்தப் பிரிவு மாறாது. துளசிக்கும் அவ்வாறே. மண்ணும் தண்ணீரும் அதன் உடம்பை மாற்றலாம். வேதி வகையை மாற்றுவதில்லை.

இந்த உண்மையை முதலில் தெளிவாக எடுத்துக்காட்டியவர்களில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர ஆராய்ச்சியாளர்கள் பென்ஃபோல்டும் மாரிசனும் முக்கியமானவர்கள். தைல மரத்தில் ஒரு குறிப்பிட்ட இனத்தை எடுத்து, பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் மரங்களின் எண்ணெய் வேறு வேறாக இருப்பதை 1927-ல் அவர்கள் வெளியிட்டார்கள். ஒரு மரத்தில் பெப்பர்மின்ட் நெடி; மற்றொன்றில் யூக்கலிப்டஸ் தைலத்துக்கு உரிய சினியோல். மரத்தின் பெயரை மட்டும் நம்பி எண்ணெய் வாங்கிய வியாபாரிகளுக்கு அது ஒரு பாடமாக அமைந்தது.

குளிரில் சாகும் வகை, வெயிலில் வாழும் வகை

இயற்கை ஏன் ஒரே வகையோடு நிற்கவில்லை? தெற்கு பிரான்சில் மாண்பெல்லியே நகருக்கு வடக்கே உள்ள ஒரு பள்ளத்தாக்கு இதற்கு விடை சொல்கிறது. அங்கே தைம் என்ற சிறு செடி காடாக வளர்கிறது. சமையலுக்கும் மருந்துக்கும் பயன்படும் இச்செடியில் அந்த வட்டாரத்தில் மட்டும் ஆறு வேதி வகைகள் உண்டு. அவற்றில் ஒன்று தைமால் வகை. நம் வீட்டு ஓமத்தின் வாசனைக்குக் காரணமான அதே பொருள்தான் தைமால்.

பள்ளத்தின் அடியில் குளிர்காலத்தில் கனத்த குளிர்காற்று தேங்கி நிற்கும். தைமால் வகையும் அதன் நெருங்கிய உறவான கார்வக்ரால் வகையும் அந்தக் கடுங்குளிரைத் தாங்குவதில்லை. ஆகவே அடிவாரத்தில் மற்ற வகைகளே நிறைந்திருந்தன. கற்கள் நிறைந்த மேட்டுச் சரிவிலோ கோடை வறட்சி கொடியது. அங்கே தைமாலும் கார்வக்ராலும்தான் ஜெயிக்கின்றன. சில கிலோமீட்டர் தூரத்துக்குள் ஒரே செடி இப்படி இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தது.

1970-களில் எடுத்த கணக்கையும், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் எடுத்த கணக்கையும் ஒப்பிட்ட ஆய்வு 2013-ல் வெளிவந்தது. இடையில் கடுங்குளிர் குறைந்துவிட்டது. முன்பு தைமால், கார்வக்ரால் வகைகள் தலைகாட்டாத சில இடங்களில் அவை இப்போது குடியேறியிருந்தன. ஒரு வகைக்கு ஆகாத காலம் வந்தால் இன்னொரு வகை வம்சத்தைக் காப்பாற்றுகிறது என்பது இதனால் விளங்கும். ஒரே இனத்துக்குள் பல வாசனைகள் இருப்பது செடியின் கோளாறு அன்று. அது அதன் சேமிப்பு.

மண்ணும் தண்ணீரும் செய்வது என்ன?

அப்படியானால் ஊர் மண்ணுக்கு மதிப்பே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரின் குளுமையும், சந்து வீடுகளின் நிழலும், டப்பாவில் அடைபட்ட வேரும் செடியைப் பாதிக்கவே செய்யும். நல்ல வெயில் படும் துளசியில் எண்ணெய் அதிகம். நிழலில் நீண்டு வளர்ந்த துளசியில் இலை பெரிதாகும்; வாசனை மெலியும். தண்ணீரை அளவுக்கு மீறி ஊற்றினாலும் இதே கதைதான்.

செடியின் பருவமும் எண்ணெயை மாற்றும். மல்லிகைச் சரத்தில் இடையிடையே வைத்துக் கட்டப்படும் மரிக்கொழுந்து நல்ல உதாரணம். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் பயிராகும் இதன் எண்ணெய் உலக வாசனைச் சந்தைக்குப் போகிறது. அதில் தவனோன் என்ற பொருள் முக்கியமானது. மொட்டு விடும் பருவத்தில் மிகுந்திருக்கும் தவனோன், விதை பிடிக்கும் பருவத்துக்குள் குறைந்துபோகிறது. வேறு பொருள்கள் கூடுகின்றன. அறுவடையைத் தள்ளிப்போட்டால் எண்ணெய் வேறாகிவிடும்.

ஒரே மரத்தின் உறுப்புகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. இலங்கையின் கறுவாப்பட்டை மரத்தைப் பாருங்கள். பட்டையில் வடித்த எண்ணெயில் சின்னமால்டிஹைடு; இலையில் வடித்ததில் யூஜினால்; வேர்ப்பட்டையில் வடித்ததில் கற்பூரம். மூன்றும் ஒரே மரம்.

சந்தனத்தின் கதை பெங்களூருக்கே சொந்தமானது. முதல் உலகப் போரால் மைசூர்ச் சந்தனக் கட்டையின் வெளிநாட்டு வியாபாரம் தடைப்பட்டபோது, இங்கேயே எண்ணெய் வடிப்பதென்று மைசூர் சமஸ்தானம் முடிவு செய்தது. இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியர்கள் சட்பரோ, வாட்சன் ஆகியோரின் உதவியுடன் 1916-ல் பெங்களூரில் எண்ணெய் வடிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து வந்ததுதான் மைசூர் சாண்டல் சோப்பு. சந்தனத்தில் எண்ணெய் இருப்பது நடு வைரத்திலும் வேரிலும். வெளி மரத்தில் வாசனை இல்லை. இளம் மரத்தின் வைரத்தில் எண்ணெயும் குறைவு, அதிலுள்ள சாண்டலாலும் குறைவு. வயது ஏற ஏற இரண்டும் கூடும். நல்ல சந்தன எண்ணெயில் ஆல்ஃபா சாண்டலால் 41 முதல் 55 சதவீதம், பீட்டா சாண்டலால் 16 முதல் 24 சதவீதம் இருக்க வேண்டும் என்று சர்வதேசத் தர நிர்ணயம் விதித்திருக்கிறது. 'சந்தனம்' என்ற பெயர் மட்டும் தரத்துக்கு உத்தரவாதம் ஆகாது என்பதால்தான் இந்தக் கணக்கு.

மாந்தோப்புக்காரருக்கு என்ன லாபம்?

ஈஜிபுராவில் சம்பளத்துக்கு வேலை பார்த்தாலும், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் அண்ணன் தம்பிகளோடு பொதுவில் நாலு மாமரம் வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு மெத்தில் யூஜினால் தெரியாத பெயர் அன்று. மாம்பழத்தில் புழு வைக்கும் பழ ஈயைப் பிடிக்கத் தோப்பில் தொங்கவிடும் பொறியில் இருப்பது அதுதான். ஆண் ஈக்கள் அந்த வாசனைக்கு மயங்கி வந்து விழுகின்றன. ஆண் குறைந்தால் இனப்பெருக்கமும் குறைகிறது.

இதைக் கண்டுபிடித்ததும் இந்தியாவில்தான். பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஹவ்லெட் என்ற பூச்சியியல் அறிஞர், சிட்ரனெல்லா எண்ணெய்க்குப் பழ ஈக்கள் கூட்டமாக வருவதை 1912-ல் எழுதினார். ஈக்களை இழுப்பது மெத்தில் யூஜினால் என்பதை 1915-ல் வெளியிட்டார்.

கேரளத்தில் துளசி இலையை நசுக்கி, பூச்சிமருந்து கலந்து, கொட்டாங்குச்சியில் வைத்து மாமரத்தில் தொங்கவிடும் முறை பரவியிருக்கிறது. கடையில் பொறி வாங்கும் செலவு மிச்சம். ஆனால் ஒரு கேள்வியை மறக்கக் கூடாது: எந்தத் துளசி? மெத்தில் யூஜினால் மிகுந்த துளசியானால் ஈ வரும். யூஜினாலோடு நின்றுவிட்ட துளசியானால் அதே பலனை எதிர்பார்க்க முடியாது. 'துளசி வைத்துப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை' என்று ஒருவர் சொல்வதும், 'எனக்கு நன்றாக வேலை செய்தது' என்று மற்றொருவர் சொல்வதும் இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

எண்ணெய்க்காகத் துளசி பயிரிடுபவரின் நிலையும் இதுவே. யூஜினால் கேட்கும் கம்பெனிக்கு வேறு வகை எண்ணெயைக் கொண்டுபோனால் விலை கிடைக்காது. எண்ணெயில் எது எத்தனை சதவீதம் என்பதைக் கருவியில் பிரித்துப் பார்த்த பிறகுதான் பேரம். இதற்காகவே வேதி வகை பார்த்துத் தேர்ந்தெடுத்த ரகங்களை மத்திய அரசின் மருந்து மற்றும் வாசனைத் தாவர நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. 1959-ல் தொடங்கிய இந்த நிறுவனத்தின் தலைமையகம் லக்னோ. பெங்களூரில் அல்லாலசந்திராவில் அதன் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. யூஜினால் மிகுந்த 'சிம் ஆயு' என்ற துளசி ரகம் அந்த நிறுவனம் தந்ததே.

இலை வேறு, எண்ணெய் வேறு

உடல்நலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2023-ல் மெத்தில் யூஜினாலை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு உள்ளது என்று கருதத்தக்க பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. இப்பட்டியல் எவ்வளவு சாப்பிட்டால் எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்வதில்லை. தீர்த்தத்தில் இரண்டு இலை போடுபவர்கள் இதைக் கேட்டுக் கலங்க வேண்டியதில்லை. ஆனால் நூறு கிலோ தழையின் சாரத்தைச் சீசாவில் அடக்கிய எண்ணெயை, 'துளசிதானே' என்று தினமும் சொட்டுச் சொட்டாகக் குடிப்பது வேறு விஷயம். சீசாவின் மேல் துளசிப் படம் இருக்கும். உள்ளே எந்த வகை என்பது படத்தில் தெரியாது.

சளிக்கு மூக்கருகே காட்டும் யூக்கலிப்டஸ் தைலத்தையும், கற்பூரத்தையும் குழந்தைகளுக்கு உள்ளுக்குக் கொடுப்பது பேராபத்து. சிறிதளவே குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கும். கைக்கு எட்டாத உயரத்தில் வைப்பதே நல்லது.

வீட்டிலேயே ஒரு பரீட்சை

மண்ணா, விதையா என்ற வழக்கைத் தீர்க்க ஆராய்ச்சிக்கூடம் வேண்டியதில்லை. மொட்டை மாடியில் நாலு டப்பா போதும். "அக்கா, உங்க துளசியில ரெண்டு கொப்பு ஒடிச்சுக் குடுங்க" என்று பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குங்கள். உங்கள் செடியிலும் இரண்டு கொப்பு ஒடியுங்கள். ஈர மணலிலோ தண்ணீரிலோ வைத்தால் வேர் விடும். நான்கையும் ஒரே மண்ணில், ஒரே வெயிலில், ஒரே அளவு தண்ணீரில் வளர்க்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து, ஒரே நேரத்தில், ஒரே வயதுள்ள இலைகளைப் பறித்துக் கசக்கி, விஷயம் தெரியாத ஒருவரைக் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வீட்டுச் செடியும் ஒன்றுபோல மணந்தால், முன்பிருந்த வித்தியாசம் மண்ணும் தண்ணீரும் செய்தது. அப்போதும் வேறு வேறாக மணந்தால், வித்தியாசம் பிறப்பிலேயே இருக்கிறது, தண்ணீருக்கு விடுதலை.

விதை போட்டால் இந்தப் பரீட்சை நடக்காது. தேனீ எந்த வீட்டுத் துளசியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்ததோ யாருக்கும் தெரியாது. பிள்ளை தாயைப் போலவே இருக்கும் என்ற உறுதி இல்லை. ஊரிலிருந்து முடிந்து வந்த விதை ஏமாற்றுவதற்கும் இது ஒரு காரணம். கொப்பு அப்படி அன்று. அது தாய்ச் செடியின் ஒரு துண்டு; அதே மரபணு, அதே வேதி வகை. வாசனை பிடித்த செடியிலிருந்து ஈரத் துணியில் சுற்றிய நாலு கொப்புக் கொண்டுவந்தால், அந்த வகை ஈஜிபுராவிலும் அதே வகையாகவே இருக்கும். நல்ல வெயிலும் அளவான தண்ணீரும் கொடுத்து அதன் வாசனையைக் கூட்டுவது மட்டும் வளர்ப்பவர் பொறுப்பு.

தோப்புப் பொறிக்கானாலும் சரி, எண்ணெய்க்கானாலும் சரி, கஷாயத்துக்கானாலும் சரி, துளசி என்ற பெயரைக் கேட்டதோடு நிற்கக் கூடாது. எந்தச் செடியின் கொப்பு என்றும் கேட்டு வாங்க வேண்டும்.